பின்தங்குற ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைக்கு எது சரி? ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், ஹாஸ்டல் ஸ்கூல், ஐடிஐ: ஒரு ஒப்பீடு

காலாண்டு ரிசல்ட் வந்த வாரத்துல பள்ளிக்கூட கேட்டாண்ட பெத்தவங்க நின்னுட்டு கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒன்னுதான். "சார், பையன் கணக்குல 18 எடுத்திருக்கான், எந்த டியூஷன்ல சேக்கலாம்?" பென்னாகரம் பக்கம் இருந்து வர்றவங்களும் இதத்தான் கேக்குறாங்க, ஊத்தங்கரையில இருக்குற சொந்தக்காரங்க போன் பண்ணாலும் இதேதான். நான் அரசுப் பள்ளியில கணக்கு எடுக்குறவன், எனக்குத் தெரிஞ்சத ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னுதான் இது.

எந்த டியூஷன்னு தேடுறதுக்கு முன்னாடி பிள்ளை எந்த வகுப்புல நின்னுபோச்சுன்னு தெரியணும். பத்தாவதுல ஃபெயில் ஆகுற பிள்ளைக்குப் பத்தாவது பாடம்தான் பிரச்சனைன்னு நெனச்சிக்கிறோம், ஆனா எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ்தான், அதனால நாலாவதுல விட்டது ஒன்பதாவது வர்றப்பதான் வெளிய தெரியுது. நாலாவதுல விட்ட பிள்ளைக்கு பத்தாவது பாடத்த ரெண்டு தடவ, மூனு தடவ நடத்துனாலும் அது ஏறாது, காசு மட்டும்தான் போவும்.

வீட்டுலயே பாக்கலாம், அரை மணி நேரம் போதும்

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, திட்டாம, பக்கத்துல உக்காந்து பாருங்க. படிக்காத பெத்தவங்களா இருந்தா பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணையோ பையனையோ கூப்பிட்டு பாக்கச் சொல்லுங்க.

ஆறாவது தமிழ் புக்குல ஒரு பத்தி சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, வாசிச்சு முடிச்சதும் அதுல என்ன சொல்லியிருக்குன்னு கேளுங்க. எழுத்துக்கூட்டி வாசிக்குதா, இல்ல கடகடன்னு வாசிச்சும் என்னன்னு சொல்லத் தெரியலயா, ரெண்டும் வேற வேற. அப்புறம் நாலே நாலு கணக்கு. 702ல இருந்து 458 கழிக்கணும். 864ஐ 6 ஆல வகுக்கணும். அரையும் மூனுல ஒன்னும் கூட்டணும். கடைசியா -5 + 3 எவ்வளவு. முதல் கணக்குக்கு 244 வரணும், பிள்ளை 356ன்னு எழுதுச்சுன்னா ஒவ்வொரு இடத்துலயும் பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ண கழிச்சிட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், கடன் வாங்கி கழிக்கத் தெரியல, அது மூனாவது நாலாவது பாடம். அரையும் மூனுல ஒன்னும் சேத்து 2/5ன்னு எழுதுனா பின்னம் புரியல.

ஒரு பொண்ணோட நோட்ட பாத்தப்ப இது எனக்கு நல்லா தெரிஞ்சுது. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்த ஒரு எழுத்து பிசகாம எழுதியிருந்துச்சு, எண்ணெல்லாம் சரியா போட்டு ரூட்டுக்குள்ள 64 வரைக்கும் வந்துடுச்சு, வர்க்கமூலம் 8ன்னும் போட்டுடுச்சு, அதுக்கு அடுத்த வரியில -2 + 8ன்னு வர்ற இடத்துல -10. ஏம்மா இப்படின்னு கேட்டா, "முன்னாடி மைனஸ் இருக்குல்ல சார், அதான் கூட்டி மைனஸ் போட்டேன்"னு சொல்லுது. அந்தப் பொண்ணு சோம்பேறி கிடையாது, உக்காந்து மனப்பாடம் பண்ணிருக்கு, டியூஷனும் போவுது, அங்க தினமும் டெஸ்ட்டும் எழுதுது. ஏழாவதுல முழுக்கள் பாடத்த யாரும் அதுக்கு திருப்பி சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான்.

ஆக பிள்ளைங்க மூனு மாதிரி இருக்காங்க. அடிப்படையே விட்டுப்போனவங்க ஒன்னு. அடிப்படை இருக்கு ஆனா உக்காந்து படிக்கிற பழக்கமோ இடமோ நேரமோ இல்லாதவங்க ரெண்டு (அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டு பாட்டி கூட இருக்குற பிள்ளைங்க நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் எவ்வளவு பேருன்னு உங்களுக்கே தெரியும்). மூனாவது, வாசிக்கிறதுலயே சிக்கல் உள்ளவங்க. தளி, வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசிட்டு தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ளைங்களும் சில பேர் இதுல வருவாங்க, அவங்களுக்கு அறிவியல் தெரியாம இல்ல, கேள்வி என்ன கேக்குதுன்னு புரியல.

எத வெச்சு முடிவு பண்றது

நான் பாக்குறது அஞ்சு விஷயம். சொல்லிக் குடுக்குறவங்க பிள்ளை நிக்குற வகுப்புக்கு இறங்கி வருவாங்களா, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஒருத்தர் எத்தன பிள்ளைங்கள பாக்குறாங்க. போக வர எவ்வளவு நேரம், கடைசி பஸ் எப்ப, தூங்க நேரம் இருக்கா. ஃபீஸுக்கு மேல என்னென்ன செலவு. இதுல சேந்தா கையில இருக்குற எதையாவது விட்டுடுறோமா, இத யாருமே யோசிக்கிறதில்ல.

| வழி | அடிப்படைக்கு இறங்கி வருமா | செலவு | மறைஞ்சிருக்குற செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஸ்கூல் ஸ்பெஷல் கிளாஸ் | வாத்தியாரப் பொறுத்து | இல்ல | நேரம், சாயங்கால பஸ் | பாஸ் எல்லைக்குப் பக்கத்துல இருக்குறவங்க |
| டவுன் டியூஷன் சென்டர் | பெரும்பாலும் வராது | மாச ஃபீஸ் | பஸ், தூக்கம், மெட்டீரியல் காசு | அடிப்படை இருக்கு, பயிற்சி வேணும் |
| ஊர்லயே சின்ன டியூஷன் | வரும், கேட்டா | கம்மி | பாடம் தெரிஞ்சவரா பாக்கணும் | அடிப்படை விட்டவங்க |
| ஹாஸ்டல் ஸ்கூல் | அரிது | ரொம்ப ஜாஸ்தி | அரசுப் பள்ளி சலுகைகள் | வீட்டுல படிக்க வழியே இல்லாதவங்க |
| போன், கல்வி டிவி | நாமளே தேடணும் | ரீசார்ஜ் | கவனம் | தானா உக்காரத் தெரிஞ்சவங்க |
| ஐடிஐ, பாலிடெக்னிக் | ஐடிஐ ஓரளவு | கம்மி | அவசர முடிவு | கைவேலையில ஆர்வம் உள்ளவங்க |

ஸ்கூல்ல நடக்குற ஸ்பெஷல் கிளாஸ்

இத பல பேர் மதிக்கிறதே இல்ல, காசு குடுக்காததால. ஆனா பிள்ளையோட பேப்பர திருத்துன வாத்தியாரே நடத்துறது இது ஒன்னுதான். மெல்லக் கற்கும் மாணவர்களுக்குன்னு மினிமம் மெட்டீரியல் (பாஸ் ஆக மட்டும் போதுமான முக்கியக் கேள்விங்க) குடுத்து பாஸ் பண்ண வைக்கிறது இங்கதான் நடக்குது, அத கேவலமா நெனைக்க வேணாம். பத்தாவது கணக்கு பேப்பர எடுத்துக்குங்க. 14 ஒரு மார்க், அப்புறம் பத்து ரெண்டு மார்க், பத்து அஞ்சு மார்க், கடைசியில ரெண்டு எட்டு மார்க். அந்த எட்டு மார்க் ரெண்டும் ஜியோமெட்ரி, கிராஃப். ஸ்கேலும் காம்பஸும் வெச்சு ஒழுங்கா போட்டு பழகுனா 16 மார்க் அங்கயே வந்துடும், ஒரு மார்க்ல புக் பேக் கேள்வி படிச்சா ஒரு பத்து, அப்புறம் ரெண்டு மார்க்ல அஞ்சு சரியா போட்டா 10, கூட்டிப் பாருங்க 36. பாஸ் மார்க் 35. அறிவியல்ல எழுத்துத் தேர்வு 75க்கு, அதுல 20 எடுக்கணும், செய்முறை 25. செய்முறைய ஒழுங்கா செஞ்சு ரெக்கார்டு நோட்டையும் நேரத்துக்கு முடிச்சா பாதி பாரம் கொறஞ்சிடும்.

ஆனா இப்படி 36 எடுத்து பாஸ் பண்ண பிள்ளை, அடுத்து பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் எடுத்தா திணறிடும், அத அப்பவே பெத்தவங்க புரிஞ்சுக்கணும். மினிமம் மெட்டீரியல் பத்தாவது தாண்டத்தான்.

அடிப்படைக்குன்னு அரசு 2025ல ஆரம்பிச்ச திறன் திட்டம் ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் இருக்கு, தமிழ், இங்கிலீஷ், கணக்குல பின்தங்குன பிள்ளைங்களுக்கு. உங்க பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ படிச்சா அந்த லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க. இருந்தா கோவப்படாதீங்க, "என் பையன மக்குன்னு சேத்துட்டீங்களா"ன்னு சண்டைக்கு வந்த அப்பா உண்டு, அந்தப் பையனுக்கு தேவையானது சரியா அதுதான்.

இதுல கஷ்டம் பஸ்தான். சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் வெச்சா அஞ்செட்டி, ஏரியூர், சித்தேரி மாதிரி இடத்துப் பிள்ளைங்க வீடு போய்ச் சேர இருட்டிடும். பொண்ணுங்கள நிறுத்திடுறாங்க. தலைமை ஆசிரியர்கிட்ட நாலு பெத்தவங்க சேந்து போய், காலையில எட்டரைக்கு வெக்கச் சொல்லி கேளுங்க, நெறைய இடத்துல ஒத்துக்குவாங்க.

டவுன் டியூஷன் சென்டர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் எல்லா ஊர்லயும் இருக்கு, மாடியில ஷீட் போட்டு பெஞ்ச் போட்டு நாப்பது அம்பது பேரு. இவங்க பலம் என்னன்னா டெஸ்ட். தினம் ஒரு டெஸ்ட், ஞாயித்துக்கிழமை முழு போர்ஷன், பேப்பர் திருத்தி மார்க் சொல்லிடுவாங்க. அடிப்படை இருக்குற, சோம்பல் படுற, 55ல இருந்து 80க்கு போகணும்ங்கிற பிள்ளைக்கு இது நல்லாவே வேலை செய்யும், நான் மறுக்கல.

18 மார்க் பிள்ளைக்கு இது ஆகாது. நாப்பது பேருல ஒருத்தனுக்காக பின்னத்துல இருந்து ஆரம்பிக்க முடியாது, பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து போர்டுல இருக்குறத எழுதிட்டு வருவான், டெஸ்ட்ல பத்துக்கு ஒன்னு வாங்குவான், ஸ்கூல்ல வாங்குற அவமானம் போதாதுன்னு இங்க ஒன்னு. மறைஞ்ச செலவ எழுதிப் பாருங்க: ஸ்கூல் பஸ் பாஸ் சாயங்காலம் டவுன் ரூட்டுக்கு செல்லுமான்னு பாக்கணும், வழியில பசிக்கு ஏதாவது, மெட்டீரியல் காசு, பரீட்சைக்கு முன்னாடி தனியா ஒரு ஃபீஸ். வீட்டுக்கு ஒம்போது மணிக்கு வந்து சாப்பிட்டு படுத்து காலையில அஞ்சரைக்கு எழுப்புனா, மத்தியானம் அஞ்சாவது பீரியட் என் கிளாஸ்ல தூங்கும். திட்டுறதுக்கே மனசு வராது.

சேக்குறதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு கேளுங்க: "என் பையனுக்கு ஏழாவது கணக்குல இருந்து சொல்லித் தருவீங்களா?" அவங்க சொல்ற பதில்லயே தெரிஞ்சிடும்.

ஊர்லயே ஒரு அக்கா, ஒரு அண்ணன்

அடிப்படை விட்ட பிள்ளைக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். பி.எட் முடிச்சிட்டு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பரீட்சைக்கு படிச்சிட்டு வீட்டுல இருக்குற பொண்ணுங்க நம்ம ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க. எட்டு பத்து பிள்ளைங்கள வாசல்ல உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பாங்க. பிள்ளை நடந்தே போயிட்டு வந்துடும், ராத்திரி பஸ் பயம் இல்ல, பொண்ணுங்கள அனுப்பவும் வீட்டுல ஒத்துக்குவாங்க.

ஆனா நீங்க கேட்டாதான் அடிப்படை சொல்லித் தருவாங்க, இல்லன்னா அவங்களும் ஸ்கூல் ஹோம்வொர்க்க முடிச்சு அனுப்பிடுவாங்க. போய் தெளிவா சொல்லுங்க: முதல் ரெண்டு மாசம் பத்தாவது புக்கையே தொடாதீங்க, வாய்ப்பாடு, வகுத்தல், பின்னம், மைனஸ் கூட்டல் கழித்தல், தினம் ஒரு பக்கம் சத்தமா வாசிக்கிறது, இதுதான் வேணும். மாச ஃபீஸ் நூறு ரூபா சேத்து குடுத்தாலும் தப்பில்ல. ஜூன்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் முடியறதுக்குள்ள பிள்ளை வகுப்புல கைய தூக்க ஆரம்பிச்சிடும். டிசம்பர் அரையாண்டு முடிஞ்சு வந்து ஆரம்பிச்சா நேரம் இல்ல, அப்ப மினிமம் மெட்டீரியல்தான், பத்தாவது முடிஞ்ச லீவுல அடிப்படைய பாத்துக்கலாம்.

இதுல ஒரு குறை, அறிவியலும் இங்கிலீஷும் கணக்கும் எல்லாமே ஒரே ஆளுக்கு நல்லா வராது. எந்தப் பாடம் அவங்களுக்கு வருமோ அத மட்டும் அங்க வெச்சுக்குங்க.

ஹாஸ்டலோட இருக்குற ஸ்கூல்

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும், பக்கத்துல நாமக்கல் பக்கமும், பிள்ளைய கொண்டுபோய் விட்டா மார்க்கோட அனுப்புவோம்னு சொல்ற ஸ்கூல் நெறைய. கடன் வாங்கி, நகைய வெச்சு சேக்குறாங்க. பெங்களூர், திருப்பூர்னு வேலைக்குப் போற குடும்பத்துக்கு, பிள்ளைய பாத்துக்க யாருமே இல்லன்னா, ஒரு நியாயம் இருக்கு. அதுக்கும் முன்னாடி அரசு ஹாஸ்டல் இருக்கா பாருங்க, ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம்னு அரசு விடுதிங்க டவுன்லயே இருக்கு, தங்கிட்டு அரசுப் பள்ளிக்கே போகலாம்.

ஏன்னா அரசுப் பள்ளிய விட்டு வெளிய வந்தா போறது வெறும் ஃபீஸ் மட்டும் இல்ல. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு எம்பிபிஎஸ்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கும் வந்துச்சு, அதுல இன்ஜினியரிங் சீட் கெடச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் அரசே கட்டுது. பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மேல படிக்கிறப்ப மாசம் 1000 ரூபா. தமிழ் மீடியத்துல இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்துனா டிஎன்பிஎஸ்சில தமிழ் வழியில படிச்சவங்களுக்குன்னு இருக்குற 20 சதவீதமும் போவும், அதுக்கு ஒன்னாவதுல இருந்தே தமிழ் வழியா இருக்கணும். பிளஸ் ஒன்ல ரெண்டு வருஷத்துக்காக ஸ்கூல் மாத்துனா இவ்வளவும் போயிடுது. நல்லா படிக்கிற பிள்ளைக்கே இது நஷ்டம்தான், தடுமாறுற பிள்ளைய தமிழ் மீடியத்துல இருந்து புடுங்கி இங்கிலீஷ் மீடியம் ஹாஸ்டல்ல நடுறது நான் எதுக்கும் ஒத்துக்க மாட்டேன்.

போன்ல படிக்கிறது

கல்வி டிவி இருக்கு, அரசோட மணற்கேணி ஆப் இருக்கு, புக்குல இருக்குற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா வீடியோ வருது, எல்லாமே இலவசம். ஒரு பாடம் லீவ் போட்டு விட்டுப்போச்சுன்னா அத பாக்க ரொம்ப நல்லது. ஆறாவது ஏழாவது பாட வீடியோவும் இருக்கறதால யாருக்கும் தெரியாம கீழ் வகுப்பு பாடத்த பாத்துக்கலாம், கூச்சப்படுற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஆனா தனியா போன குடுத்து மாடியில அனுப்புனா படிப்பு நடக்காது. பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல, ஒரு நோட்டோட, அரை மணி நேரம். மாசக்கணக்குல தவணை கட்டச் சொல்ற ஆப்புங்கள வாங்காதீங்க, பாதியில நிறுத்துறது அவ்வளவு லேசு இல்ல.

ஐடிஐ, பாலிடெக்னிக், தொழிற்கல்வி குரூப்

"படிப்பு ஏறல, ஐடிஐல போட்டுடலாம்"னு தண்டனை மாதிரி பேசுறத நிறுத்தணும். ஓசூர் சிப்காட்ட சுத்தி எத்தன கம்பெனி, அங்க ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட்டுக்கு வேலை இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ல அரசு ஐடிஐ இருக்கு, ஃபீஸ் இல்ல, மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், மேல சொன்ன 1000 ரூபா திட்டமும் ஐடிஐக்கு உண்டு. வெல்டர் மாதிரி சில டிரேடுக்கு எட்டாவது பாஸ் போதும். பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சவங்க தமிழ், இங்கிலீஷ் மட்டும் எழுதி பாஸ் பண்ணா பிளஸ் டூவுக்கு சமம், பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷமும் சேரலாம். கதவு எதுவும் மூடல.

ஆனா அடிப்படைக் கணக்கு இங்கயும் விடாது. வெர்னியர் காலிப்பர்ல 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் ரீடிங் எடுக்கணும், தசமம் தெரியாதவன் ஜாப்ப, அதாவது செய்யச் சொன்ன பாகத்த, வேஸ்ட் பண்ணுவான். அதனால ஐடிஐ போறதுன்னு முடிவு ஆனாலும் அந்த ரெண்டு மாச அடிப்படை கிளாஸ விடாதீங்க. பாலிடெக்னிக் அதவிட கஷ்டம், முதல் வருஷமே கணக்கும் இயற்பியலும் இருக்கு, 36 மார்க்ல பாஸ் பண்ண பையன் நேரா அங்க போனா அரியர் விழும். அவனுக்கு ஐடிஐ முடிச்சிட்டு அங்க போறதுதான் நல்லது. பிளஸ் ஒன்ல தொழிற்கல்வி குரூப் இருக்குற பள்ளி பக்கத்துல இருந்தா அதையும் கேளுங்க, எல்லா பள்ளியிலயும் கிடையாது.

அவசர முடிவு வேணாம்னு சொல்றது எதனாலன்னா, பிள்ளைக்கு கைவேலை பிடிக்குமான்னு யாரும் கேக்குறதில்ல. மே மாச லீவுல ஒரு பட்டறையில, ஒரு மோட்டார் காயில் கட்டுற கடையில, கூட நின்னு பாக்கட்டும், சம்பளத்துக்கு அனுப்பாதீங்க, பாத்துட்டு வரட்டும்.

பொண்ணுங்க விஷயத்துல

நம்ம மாவட்டத்துல பத்தாவதுல ஃபெயில் ஆன பொண்ணுக்கு அடுத்த பேச்சு கல்யாணமாத்தான் இருக்கு. அதனால பொண்ணுக்கு எந்த வழிய எடுக்குறதா இருந்தாலும் தூரத்தையும் நேரத்தையும் முதல்ல பாருங்க, அவங்கள நிறுத்துறதுக்கு முதல் காரணமா அதுதான் வருது. ஃபெயில் ஆனாலும் அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கு, ரெண்டு மூனு மாசத்துக்குள்ள எழுதி, பாஸ் பண்ணி, அதே வருஷமே பிளஸ் ஒன் சேந்துடலாம், ஒரு வருஷம் கூட வீணாகாது. ரிசல்ட் வந்த அன்னிக்கே ஸ்கூலுக்கு வந்து விண்ணப்பத்த கேளுங்க. 18 வயசுக்கு முன்னாடி கல்யாணப் பேச்சு நடக்குதுன்னா 1098க்கு யார் வேணா போன் பண்ணலாம், அந்தப் பொண்ணே பண்ணலாம்.

எதுவுமே எடுபடலன்னா

நல்லா பேசுது, கேட்டா பதில் சொல்லுது, ஆனா எழுதுனா எழுத்து மாறி மாறி வருது, அஞ்சாறு வருஷமா வாசிப்பு நகரவே இல்ல, அப்படின்னா அது டியூஷன்ல தீர்ற விஷயமா இல்லாம இருக்கலாம். முதல்ல கண்ண டெஸ்ட் பண்ணுங்க, கண்ணாடி போட்டதும் சரியான பிள்ளைங்க இருக்காங்க. அப்புறம் கற்றல் குறைபாடு இருக்கான்னு பாக்கணும், வட்டார வளமையத்துல (ஒன்றியத்துல இருக்குற கல்வித் துறை மையம்) சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்காங்க, தலைமை ஆசிரியர் மூலமா கேக்கலாம். டாக்டர் சான்றிதழ் கெடச்சா பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதலா, சொல்லச் சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்குன்னு சலுகைங்க உண்டு. இதுக்கு தேர்வுக்கு பல மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கணும், பிப்ரவரியில வந்து கேட்டா எங்களால ஒன்னும் பண்ண முடியாது, காலாண்டு முடிஞ்ச உடனே வாங்க. ஸ்கூல்ல சரியா பதில் வரலன்னா 14417 கல்வி உதவி எண், அதுல கேளுங்க.